பூட்டிய வீடுகள் அறுபத்தொன்று

பகவதி ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று பட்டியலில் போட்டிருந்தது. அந்தப் பட்டியலை எதிரே நின்று படித்துக்கொண்டிருந்தது பகவதிதான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலை ஒன்றை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்காகப் பொட்டல்காலனியின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் எடுத்துவிட்டு, குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு மேற்கே அடுக்குமாடியில் வீடு கொடுப்பதாகப் பேச்சு. பேச்சு ஒரு வருஷமாக நடக்கிறது. அன்றைக்குத்தான் திட்ட அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள் ஒட்டியிருந்தார்கள். முதல் தாளில் வீடு பெறுகிறவர்கள். இரண்டாவது தாளில் நிரந்தரமாக இடம்பெயர்ந்த குடும்பங்கள். ஆகவே அவர்களுக்கு வீடு கிடையாது. அந்த இரண்டாவது தாளில் அறுபத்தொரு கதவு எண்கள் இருந்தன. நாற்பத்தேழாவது வரியில் கதவு எண் 138, குடும்பத் தலைவர் பாண்டியராஜன், மனைவி பகவதி.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "அண்ணாச்சி, நான் போயிட்டேனாம்லா" என்று சொல்லியும் சிரித்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்த பிறகு சிரிப்பு போன இடம் தெரியவில்லை. 'ஆதாரம்: கடலோர இடப்பெயர்வு ஆய்வு, இரண்டாம் சுற்று' என்று இருந்தது. மனிதர்கள் ஏன் ஊர் மாறுகிறார்கள், எங்கே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் ஆய்வு அது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிற பதினொரு பேரில் பகவதியும் ஒருத்தி. தான் செருப்புத் தேய நடந்த ஆய்வே தன்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டது என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

பகவதிக்கு நாற்பத்தாறு வயது. கோபத்துக்கு வயது இன்னும் கூட. உடன்குடிக்குத் தெற்கே செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் என்று சொல்லிப் பத்து வயதில் ஏரலில் மளிகைக்கடை வைத்திருந்த சித்தப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பத்தொன்பதில் பாண்டியராஜனுக்குக் கட்டிக்கொடுத்து மும்பைக்கு ரயிலேற்றினார்கள். தாராவியில் ஒன்பது வருஷம். அவன் யாரோ ஒருவர் கடையில் நின்றான். இவள் இட்லி மாவு அரைத்து ஐம்பது வீட்டுக்கு ஊற்றினாள். பிறகு சொந்தமாகச் செய்கிறேன் என்று அவன் விளாத்திகுளத்தில் கடை போட்டான். மூன்று வருஷம் மழை ஏமாற்றியதில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் கையில் காசில்லை, கடையை மூடும்படி ஆனது. அதற்குப் பிறகுதான் தூத்துக்குடி, பொட்டல்காலனி. அங்கே வந்து பதினைந்து வருஷமாகிறது. காலனி முனையில் பாண்டியராஜன் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். மகள் சுடலைச்செல்வி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

கணக்கெடுப்பு வேலை அவளைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகாதாரக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். காலனியில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பகவதி அந்தத் தாளைப் பிடுங்கி, "இப்படிக் கேட்டா எவ சொல்லுவா? இங்கன கொண்டா" என்று நாலு வீட்டுக்குப் போய் முழுசாக நிரப்பிக் கொடுத்தாள். மறுவாரமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் கேட்கிற விதமே தனி. வீட்டில் எத்தனை பேர் என்று அவள் கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் எந்தத் தாயும் துபாயில் இருக்கிற மகனையும் சேர்த்துத்தான் சொல்வாள். நாலு வருஷமாக அவன் வாசலை மிதிக்காவிட்டாலும் கணக்கில் விடமாட்டாள். அதனால் பகவதி, "நேத்து எத்தனை பேருக்கு உலை வச்சீய?" என்று கேட்பாள். உண்மை தானாக வந்துவிடும். வேம்பாருக்குப் பஸ்ஸில் போய் உப்பளத்து ஆட்களிடம் எழுதுகிறபோது, வருஷத்தில் எத்தனை மாதம் இருக்கிறீர்கள் என்று கேட்டுக் குழப்ப மாட்டாள். எந்தெந்தப் பண்டிகையை எந்தெந்த ஊரில் கொண்டாடினார்கள் என்று கேட்டு, அதிலிருந்து மாதக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வாள்.

இந்த ஆய்வின் தலைவி அனுசியா. முப்பத்தெட்டு வயது, டாக்டர் பட்டம், நாலு நாட்டில் போய்ப் பேசிவிட்டு வந்தவள். அப்பாவுக்கு ஏரல் பக்கம். சென்னையில் பாத்திரக்கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டவர். அனுசியா பேசுவது அச்சு அசல் சென்னைப் பேச்சு. முதல் பயிற்சி வகுப்பில் திரையில் படம் போட்டு, வேலைக்காக ஊர் மாறுகிறவர் ஒரு வகை, கல்யாணமாகிப் போகிற பெண்கள் வேறொரு வகை, அவர்களிடம் வேலைக் கேள்விகள் வேண்டாம் என்று விளக்கினாள். பின்வரிசையிலிருந்து பகவதி எழுந்தாள். நான் கல்யாணமாகி மும்பைக்குப் போனவள், அங்கே அரைத்த மாவில்தான் எங்கள் வீட்டு வாடகை போனது, என் புருஷன் மட்டும் வேலைக்குப் போனவன், நான் சும்மா அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளா என்று கேட்டாள்.  அனுசியா நல்லவள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே படிவத்தில் பெண்களுக்கும் வேலைக் கேள்விகள் வந்துவிட்டன. அன்றிலிருந்து இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு.

அப்படியிருந்தும் இது நடந்தது.

நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் சுற்றுக்குச் செலவைத் திட்ட அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு அது கேட்டது ஒன்றே ஒன்று, பொட்டல்காலனியில் எந்தெந்த வீட்டில் ஆள் இல்லை என்கிற பட்டியல். ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. மூன்று நாள் தொடர்ந்து போய்த் தட்டியும் கதவு திறக்கவில்லை, அக்கம்பக்கத்திலும் விவரம் கிடைக்கவில்லை என்றால், முதல் நாள் எடுத்த பூட்டிய கதவின் படத்தோடு, வெளியேறிய குடும்பம் என்று பதிய வேண்டும். காலனிக்கு மூன்று நாள் குறித்தார்கள். சென்னையில் உட்கார்ந்து நாட்காட்டி பார்த்துக் குறித்த அந்த மூன்று நாளின் நடு நாள் பங்குனி உத்திரம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒரே தெருவில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் பத்து சாஸ்தா. ஒருவர் தேரிக்குள் போவார், ஒருவர் குளத்துக்கரைக்கு, ஒருவர் மலையடிவாரத்துக்கு. முந்தின நாளே அரிசி, பாத்திரம், பாய் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கைக்குழந்தையோடு கிளம்பினால், பொங்கலிட்டு, மரத்தடியில் படுத்து, மறுநாள் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். மும்பையில் இருக்கிறவனும் அன்றைக்கு அங்கே வந்து நிற்பான். போகாமல் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை.

பயிற்சியில் தேதித் தாளைக் கொடுத்தபோது பகவதியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அந்த மூணு நாளு எனக்கு லீவு வேணும்" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை யாராவது எடுத்துச் சொல்வார்களா? அவளுக்கு அது அப்படித்தான் இருந்தது. மற்றவர்களிலும் எட்டுப் பேர் அதே மூன்று நாளுக்கு லீவு கேட்டார்கள். பதினொரு பேரில் ஒன்பது பேர் ஒரே நாளில் லீவு கேட்டால் ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? சென்னையிலிருந்து வந்திருந்த கள மேற்பார்வையாளருக்கு வந்தது கோபம்தான். தெற்கத்தி ஆட்களுக்கு வேலைமேல் அக்கறையில்லை என்று முணுமுணுத்துவிட்டு, தானே கையில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாளும் காலனியில் கதவு கதவாகத் தட்டினார். ஒரு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்று போனால் அதுவும் பூட்டியிருந்தது. மனிதர் விதியைப் பிசகாமல் பின்பற்றினார். மூன்று நாளில் ஒரு தடவையாவது யாராவது கதவைத் திறந்த வீடுகள் போக, அறுபத்தொரு படம் மிஞ்சியது.

அறிவிப்புப் பலகை முன்னால் நின்றபோது இதெல்லாம் பகவதிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மேற்பார்வையாளரை வாய்க்கு வந்தபடி வைதாள். பிறகு தன்மேலேயே கோபம் திரும்பியது. எத்தனை பேர் வீட்டில் எத்தனை நுணுக்கமாகக் கேட்டு எழுதியவள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் தாள் இங்கே தொங்கியிருக்காது.  ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் என்று தாளில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாண்டியராஜன், தாளில்தானே போட்டிருக்கிறார்கள், நேரில் போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்றான். அவன் போய்ச் சொன்னான். ஆராய்ச்சி செய்தவர்கள் கொடுத்த பட்டியல், அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆதார் அட்டை, மின் ரசீது எல்லாவற்றையும் நீட்டியும் பார்த்தான். அட்டையில் விலாசம் இருந்தால் ஆளும் இருப்பதாக ஆகிவிடாது என்று பதில் வந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். அன்றைக்குக் காலனியில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. அறுபத்தொரு குடும்பத்துக்கும் இந்த இடத்தை விட்டால் நிற்க நிழலில்லை.

பகவதி அனுசியாவுக்குப் போன் போட்டாள். அனுசியா முழுவதையும் கேட்டாள்.  அப்புறம் மெதுவாகச் சொன்னாள், இரண்டாம் சுற்று முடிவு வெளிநாட்டு ஆய்விதழில் வந்துவிட்டது என்று. ஆறே மாதத்தில் நூற்றுக்கு இருபத்தொன்பது குடும்பம் வெளியேறியது என்பதுதான் அதன் தலைப்பே.

"இப்போ அந்த எண்ணை மாத்தினா மொத்த ஆய்வையும் சந்தேகப்படுவாங்க பகவதி. மூணாம் சுற்றுல தானா சரியாயிடும். கொஞ்சம் பொறுங்க."

"உங்க ஆராய்ச்சி நிக்கணும்னா எங்க வீடு விழணுமா மேடம்?"

 அந்த அறுபத்தொரு படத்தையாவது அனுப்புங்கள் என்று பகவதி கேட்டாள். ஆய்வுத் தகவல்களை வெளியே கொடுக்க விதியில்லை என்று சொல்லி அனுசியா போனை வைத்தாள்.

விதியா? பகவதிக்கும் ஒரு விதி தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டுவது அவள் வேலை. இந்த ஆய்வின் படிவத்தில் ஐந்தாவது பத்தி அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். 'உங்கள் குடும்பத்தைப் பற்றி நாங்கள் பதிந்த தகவலை நீங்கள் எப்போது கேட்டாலும் பார்க்கலாம். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம்.' வேம்பாரில் எத்தனையோ பேருக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அதை எழுதியவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாளில் அறுபத்தொரு குடும்பத்தையும் உட்கார வைத்து, கோயிலுக்குப் போயிருந்தோம், பதிந்ததைக் காட்டித் திருத்துங்கள் என்று எழுதி வாங்கினாள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதினாள், கைநாட்டு மட்டும் அவர்களுடையது. சிலர் பயந்தார்கள். எழுதிக் கொடுத்தால் உள்ளதும் போய்விடுமோ என்று தயங்கிய பிச்சம்மாளிடம், "உள்ளது என்னளா இருக்கு போறதுக்கு? பேரை எடுத்தாச்சு. கையெழுத்துப் போடு" என்றாள். அத்தனையையும் ஒரே உறையில் போட்டு, ஒப்புதல் படிவத்தின் ஐந்தாவது பத்தியை மேலே சிவப்பு மையில் எழுதி, நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். திட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போனது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நிறுவனம் படங்களோடு வந்து நிற்க வேண்டும் என்று அதிகாரி கடிதம் போட்டார்.

விசாரணை அன்று அலுவலகக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. அறுபத்தொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அதிகாரி மரியாதையானவர், வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், எல்லாவற்றையும் கோப்பில் பார்த்தே பழகியவர். மேற்பார்வையாளர் வந்திருந்தார். அனுசியாவும் மடிக்கணினியோடு முன்வரிசையில் இருந்தாள். பகவதியைப் பார்த்துத் தலையசைத்தாள், பகவதி அசைக்கவில்லை.

படங்களைச் சுவரில் போட்டார்கள். முதல் படம் கதவு எண் 9. பச்சைக் கதவு, பித்தளைப் பூட்டு, மூலையில் தேதியும் நேரமும். மேற்பார்வையாளர் விதியை வாசித்தார். மூன்று நாள், மூன்று வருகை, பூட்டு, பக்கத்து வீடும் பூட்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதிகாரியும் தலையாட்டினார்.

பகவதி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பூட்டை மட்டும் பார்க்காதீர்கள், பூட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள் என்றாள். கொடியில் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த படத்தில் ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டிய சைக்கிள். அடுத்ததில் மூடி போட்ட ஏழு தண்ணீர்க் குடம். இன்னொன்றில் வாசல் கோலம் கலையாமல் இருந்தது. படத்தின் தேதி முதல் நாள், நேரம் மத்தியானம் மூன்று மணி. காலையில் கோலம் போட்டுவிட்டு மத்தியானம் நிரந்தரமாக இடம்பெயர்ந்தார்களா என்று அவள் கேட்டபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நெசமாவே காலனியை விட்டுப் போறவுக வீடு எப்படிக் கெடக்கும்னு பாத்திருக்கீயளா சார்? கதவு இருக்காது. நெலை இருக்காது. மேல போட்ட ஷீட்டு இருக்காது. அத்தனையும் அவுக கைக்காசு, கழட்டி வண்டியில ஏத்திட்டுத்தான் போவாக. வெறுஞ்சொவருதான் நிக்கும். பூட்டுப் போட்டுட்டுப் போறவன் திரும்பி வாரவன். இந்த அறுபத்தொண்ணுல கதவு இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க, நான் பேசாம போயிருதேன்."

அதிகாரி படங்களை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டச் சொன்னார். அறுபத்தொன்றிலும் கதவு இருந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனாலும் மனுக்களில் கோயிலுக்குப் போனோம் என்று இருந்ததில் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. அறுபத்தொரு குடும்பம், ஒரே சமயத்தில், கைக்குழந்தையிலிருந்து ஒருவர் மிச்சமில்லாமல், மூன்று நாள் எந்தக் கோயிலுக்குப் போக முடியும்? ஒரே கோயில் இல்லை, வீட்டுக்கு ஒரு கோயில் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. தங்களுக்கு வேண்டியபடி எல்லோரும் சேர்ந்து சொல்லலாமே, சம்பந்தமில்லாத ஒருவர் சொன்னால் ஏற்கலாம் என்றார்.

  இவ்வளவு தூரம் வந்து, இந்த ஒரு மனிதர் நம்பாததால் பிச்சம்மாளும் அவள் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டுமா? பகவதியின் கண் முன்வரிசைக்குப் போனது. அனுசியாவின் அப்பாவுக்கு ஏரல் பக்கம்.

"மேடம், உங்க குடும்பத்துக்குச் சாஸ்தா எங்கன?"

அனுசியா நிமிர்ந்தாள்.  மடிக்கணினியைப் பார்த்தாள், மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்று போக இருந்தது என்பது பகவதிக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தலைப்பு, அந்தக் கட்டுரை, நாலு நாட்டில் பேசிச் சேர்த்த பேர். எழுந்திருக்க மாட்டாள் என்றே பகவதி நினைத்தாள்.

அனுசியா எழுந்தாள்.

"ஏரல்ல இருந்து ஆறு கிலோமீட்டர் சார். அந்த மூணு நாளும் நான் அங்கதான் இருந்தேன். அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம் எல்லாரும் ரெண்டு கார்ல வந்திருந்தோம். லீவு லெட்டர்ல குடும்ப நிகழ்ச்சின்னு எழுதியிருந்தேன். சென்னையில எங்க வீடு பூட்டித்தான் கிடந்தது." அதிகாரியை நேராகப் பார்த்தாள். "யாராவது வந்து தட்டியிருந்தா, நானும் இந்தப் பட்டியல்ல இருந்திருப்பேன்."

 அதிகாரி கோப்பை மூடினார். நிறுவனம் எழுத்தில் கொடுத்தால் பட்டியலை அன்றைக்கே திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அனுசியா கடிதம் எழுதினாள். எழுதிக்கொண்டே, நிமிராமல், பயிற்சியில் தேதி கொடுத்தபோது நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"நீங்க சொன்னீயளா மேடம்?" என்றாள் பகவதி.

அனுசியாவின் பேனா நின்றது.   எழுதி முடித்ததும் பகவதி கடிதத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள். கணக்கெடுப்பில் நேர்ந்த சிறு பிழையின் காரணமாக என்று தொடங்கியிருந்தது. அவள் அந்த வார்த்தையில் விரலை வைத்தாள்.

"சிறு பிழைன்னு போடாதீய. இது சின்னதுன்னா அப்புறம் பெருசுன்னு எதைச் சொல்லுவீய?"

அனுசியா அதை அடித்தாள். எங்கள் பிழையால் என்று தன் கையால் மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டாள். பகவதி அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட பிறகுதான் வாசலுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் இரண்டாவது தாளைப் பலகையிலிருந்து எடுத்தார்கள். மறுவாரம் அறுபத்தொரு வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கான டோக்கன் வந்தது. அனுசியாவின் கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்காகப் பகவதி சந்தோஷப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை.

அவளுக்கும் ஒன்று போனது. மூன்றாம் சுற்றுக்கு அவளைக் கூப்பிடவில்லை. ஆய்வின் நடுநிலை கருதி என்று நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. பாண்டியராஜன் அதைப் படித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றான். சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எந்த வீட்டில் உட்கார்ந்து படித்திருப்பாய் என்று அவள் கேட்டாள். அவன் கடைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வருஷ வேலை ஒரு வார்த்தையில் போனது அவளுக்கு வலித்தது. வலித்தது என்று அவளே சொன்னாள், மறைக்கவில்லை.

புரட்டாசியில் மூன்றாம் சுற்று வந்தது. பகவதி வீட்டுக்கு வந்தவள் புதிதாகச் சேர்ந்த இசக்கிசெல்வி, விளாத்திகுளத்துக்காரி. கையில் டேப்லெட்டும், எந்தெந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்று அச்சடித்த ஒரு தாளும் வைத்திருந்தாள். பகவதி நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பாதியைத் தாண்டிப் போகப் பார்த்தவளைத் திரும்பவும் படிக்க வைத்தாள். பிறகுதான் கேள்விக்கு விட்டாள்.

வயது, படிப்பு, உலை வைத்த கணக்கு எல்லாம் முடிந்தது. இசக்கிசெல்வி திரையைத் தள்ளி அடுத்த கேள்வியை வாசித்தாள்.

"போன ஆறு மாசத்துல இந்த வீட்டுலயிருந்து யாராவது வெளியேறினாவளாக்கா?"

"யாரும் போகலை. வெளியேத்தப் பாத்தாவ, நாங்க போகலை. அதை அப்படியே எழுதிக்கோளா."

இசக்கிசெல்வி திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அவள் முகத்தில் சங்கடம்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையேக்கா. ஆம், இல்லை, ரெண்டுதான் இருக்கு."

"அப்ப போய்க் கட்டம் போட்டுட்டு வா" என்றாள் பகவதி.